ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, மக்பெத்துக்குப் பேராசை... இந்த அட்டவணை சரிதானா?

மேடைக்கிறுக்கன்

ஆங்கில இலக்கியத் தேர்வுக்கான கையேடுகளில் ஒரு அட்டவணை தவறாமல் இருக்கும். இடது பக்கம் நாயகன் பெயர், வலது பக்கம் அவனுடைய ‘ட்ராஜிக் ஃப்ளா’, அதாவது அவனை வீழ்த்தும் குணக்குறை. ஒத்தெல்லோ – பொறாமை. மக்பெத் – பேராசை. ஹாம்லெட் – தயக்கம். லியர் – முன்கோபம். ஈடிபஸ் – ஆணவம். இந்த அட்டவணை மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. இங்கே நாடகம் படிக்கிறவர்கள், நடிக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவையே எடுத்துக்கொள்வோம், வெனிஸின் கறுப்பினப் படைத்தளபதி. முதல் அங்கத்தில் நடுராத்திரி மாமனார் ஆட்களோடு வாளை உருவிக்கொண்டு வந்து நிற்கிறார். இந்த மனுஷன் பதறவே இல்லை. வாளை உறையில் போடுங்கள், பனி பட்டுத் துருப்பிடித்துவிடும் என்கிறான். பொறாமைதான் பிறவிக்குணம் என்றால் அது எங்கேயாவது முன்பே தலைகாட்டியிருக்க வேண்டாமா? இரண்டாம் அங்கத்தில் சைப்ரஸில் குடித்துவிட்டு அடிதடி. அரைகுறையாய் விசாரித்து, அந்த இடத்திலேயே துணைத்தளபதி காசியோவைப் பதவியிலிருந்து தூக்குகிறான். படைத்தளபதிக்கு அது நல்ல குணம். களத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் ஆள் காலி. அதே வேகத்தை, கிடைத்த சாட்சியை வைத்து உடனே தீர்ப்பு என்ற அதே பழக்கத்தை, படுக்கையறைக்குக் கொண்டு வரும்போதுதான் மனைவி டெஸ்டிமோனா சாகிறாள்.

ஹாம்லெட்டையும் ஒத்தெல்லோவையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்று வகுப்புகளில் சொல்வது உண்டு. ஹாம்லெட்டிடம் இயாகோ வந்து, உன் மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று கோள் சொன்னால் பத்துக் கேள்வி கேட்டு அவனையே குழப்பி அனுப்பியிருப்பான். அப்பாவின் ஆவி வந்து, என்னைக் கொன்றவன் உன் சித்தப்பா கிளாடியஸ் என்று ஒத்தெல்லோவிடம் சொல்லியிருந்தால் கிளாடியஸ் அன்று ராத்திரியே பிணம். இரண்டு இடத்திலும் நாடகம் முதல் அங்கத்தோடு முடிந்துபோகும். அப்படியானால் குறை ஆளிடம் இருக்கிறதா, ஆளும் வேளையும் வந்து சேர்ந்த இடத்தில் இருக்கிறதா?

கைக்குட்டைக் காட்சியை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. தலை வலிக்கிறது என்கிறான். அவள் தன் கைக்குட்டையால் நெற்றியைக் கட்டப் போகிறாள். இது ரொம்பச் சின்னது என்று தள்ளிவிடுகிறான். அது கீழே விழுகிறது. ‘அதை விடு, வா உள்ளே போகலாம்’ என்கிறான். பிற்பாடு எந்தக் கைக்குட்டையைக் கேட்டுக் கேட்டு அவளைக் கொல்லப்போகிறானோ, அது தொலையக் காரணமே அவன் கைதான். நாலு அடி தள்ளிக் கிடக்கிறது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. இதற்குப் பக்கத்தில் ‘பொறாமை’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி வைத்தால் மனசு ஆறுமா?

நளினி_நெட்தேர்வு

அண்ணா, நீங்கள் சொல்வது சரி, ஆனால் நாங்கள் தேர்வறையில் என்ன செய்ய? நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பொறாமை என்றுதான் குறிக்கணும். அது போகட்டும். இது கையேட்டுக்காரர்கள் கிளப்பிவிட்டது இல்லையே, அரிஸ்டாட்டிலே சொன்னதுதானே? ரொம்ப நல்லவனும் இல்லாமல் ரொம்பக் கெட்டவனும் இல்லாமல் இடைப்பட்ட ஒருவன், தன்னிடம் உள்ள ஏதோ ஒரு ஹமார்டியாவால் (தவறு, குறை என்பதற்கான கிரேக்கச் சொல்) வீழ்கிறான். ‘கவிதையியல்’ நூலின் பதின்மூன்றாம் அத்தியாயம். அந்தக் குறைக்குப் பெயர் வைத்தால் என்ன தப்பு?

(கைக்குட்டை விஷயம் இவ்வளவு உன்னிப்பாக எனக்குத் தெரியாது. நன்றி.)

பழுப்பேடு

நளினி, அந்த அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ‘தன்னிடம் உள்ள’ என்பது நாம் சேர்த்துக்கொண்டது. அரிஸ்டாட்டில் சொல்வது இவ்வளவுதான்: அந்த ஆள் கெடுவது கயமையால் இருக்கக் கூடாது, ஒரு பெரிய தவறால் இருக்க வேண்டும். உதாரணம் என்று இரண்டு பேரைச் சொல்கிறார், ஈடிபஸ், தையஸ்டிஸ். இரண்டு பேருமே ரத்த உறவு தெரியாமல் பாதகத்தில் விழுந்தவர்கள். ஒருவன் அப்பன் என்று தெரியாமல் கொன்றான், மற்றவன் தன் பிள்ளைகளின் கறி என்று தெரியாமல் விருந்து சாப்பிட்டான். இதில் குணக்கேடு எங்கே வருகிறது? அந்தத் தவறு செயலில் இருக்கிறது. அதைக் குணத்தில் கொண்டுபோய் ஒட்டவைத்தது பிற்காலம், குறிப்பாகப் பாவம், தண்டனை என்று யோசித்துப் பழகிய ஐரோப்பா.

இன்னொன்று. அரிஸ்டாட்டில் இந்தக் கிரேக்க நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர் இல்லை. ஈடிபஸ் நாடகத்தை எழுதிய சோஃபோக்ளிஸ் இறந்தது கி.மு. 406 வாக்கில். அரிஸ்டாட்டில் பிறந்தது 384. பொற்காலம் முடிந்து ஒரு தலைமுறை கழித்துப் பிறந்தவர், வெகுநாள் கழித்து எழுதிய குறிப்புகள் அவை. நாடகாசிரியர்கள் அவருடைய சூத்திரத்தை வைத்துக்கொண்டு எழுதவில்லை. தவிர, ஆளே முழுசாக ஒரு மாதிரி பேசவில்லை. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் சோக முடிவே சிறந்தது என்கிறார். பதினான்காம் அத்தியாயத்தில், கொல்லப்போகும் நேரத்தில் ‘ஐயோ, இது என் மகனல்லவா’ என்று தெரிந்து கையை நிறுத்திக்கொள்வதே ஆகச் சிறந்தது என்கிறார். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று பண்டிதர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கையேட்டில் போடமாட்டார்கள், மதிப்பெண் வராதே.

ஈடிபஸ் நாடகத்துக்கு ஏதென்ஸில் அந்த வருஷம் முதல் பரிசு கூடக் கிடைக்கவில்லை. மூத்த நாடகாசிரியர் எஸ்கிலஸின் சகோதரி மகன் ஃபிலோக்ளிஸ் அடித்துக்கொண்டு போனார். அவர் எழுதியதில் இன்று ஒரு முழு நாடகம் கூட மிச்சமில்லை.

குறுக்குக்கேள்வி

சார், எல்லாம் சரி. ஒரு சாமானியக் கேள்வி. ‘நீ உன் அப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய்’ என்று டெல்ஃபி கோயிலில் ஈடிபஸுக்குக் குறி சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் வீட்டை விட்டே ஓடுகிறான். அப்படிப்பட்டவன் வழியில் அப்பா வயசுள்ள ஒரு ஆளோடு தகராறு வந்தால் என்ன செய்யணும்? கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போகணும். நம்ம ஆள் கூண்டோடு அடித்துக் கொல்கிறான். அப்புறம் ஊருக்குள் போய்த் தன்னைவிட மூத்த விதவையைக் கல்யாணம் செய்துகொள்கிறான்! இதற்குமேல் என்ன குறை வேண்டும்? புத்திசாலி என்று பெயர், ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையெல்லாம் அவிழ்த்தான், சொந்தக் கதையில் கூட்டல் கழித்தல் வரவில்லை.

மேடைக்கிறுக்கன்

😄 குறுக்கு, இதை நான் எதிர்பார்த்தேன்.

பழுப்பேடு

நல்ல கேள்வி. சோஃபோக்ளிஸுக்கும் இது தெரியாமல் இல்லை. முச்சந்திக் காட்சியை ஈடிபஸ் மனைவி ஜொகாஸ்டாவிடம் சொல்லும் விதத்தைப் பாருங்கள். வண்டிக்கு முன்னால் வந்தவனும் கிழவரும் சேர்ந்து என்னை வழியிலிருந்து பலவந்தமாகத் தள்ளினார்கள். தள்ளிய வண்டிக்காரனைக் கோபத்தில் அடித்தேன். நான் தாண்டிப் போகும் வரை காத்திருந்து கிழவர் இரட்டை முள் தார்க்குச்சியால் என் நடு மண்டையில் போட்டார். அவருக்குத் திரும்பக் கிடைத்தது அதைவிடப் பெரிசு. அதாவது முதல் அடி யாருடையது என்பதையே கொஞ்சம் கலங்கலாக வைத்திருக்கிறார். வண்டிக்காரனை அடித்தது இவன்தான், ஆனால் தள்ளியது அவர்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்தாலும் இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கும்.

இதற்குப் பல வருஷம் கழித்து, தொண்ணூறை எட்டிய வயதில் அவர் ‘கொலோனஸில் ஈடிபஸ்’ எழுதினார். அது மேடையேறியது அவர் இறந்தபிறகு, கி.மு. 401-இல். அதில் கிழட்டுக் குருடன் ஈடிபஸ், ஜொகாஸ்டாவின் தம்பி கிரியோனைப் பார்த்து நேராகக் கேட்கிறான்: இப்போது இங்கே ஒருவன் வந்து உன்னைக் கொல்லப் பாய்ந்தால், நீ என் அப்பனா என்று முதலில் விசாரிப்பாயா, திருப்பி அடிப்பாயா? உங்கள் கேள்விக்கு ஆசிரியரே எழுதிவைத்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம். அவனுக்குக் கோபம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தீர்க்கதரிசி டைரீசியஸிடம் எரிந்து விழுகிறான், கிரியோனைத் துரோகி என்கிறான். ஆனால் அவன் கொலைகாரனும் தாயை மணந்தவனும் ஆனது நாடகம் தொடங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே. மேடையில் அவன் செய்யும் ஒரே காரியம் விசாரிப்பது. ஊரில் கொள்ளைநோய், மக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், ராஜா விசாரிக்கிறான். ஜொகாஸ்டா விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள், இடையன் வாயைத் திறக்க மறுக்கிறான், இவன் விடவில்லை. சாதாரண ஆளாக இருந்திருந்தால் பாதியில் கைகழுவிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

அட்டவணை ‘ஆணவம்’ என்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்காத ராஜா என்று எழுத அதில் கட்டம் இல்லை போல.

வன்னிமகள்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது வெளியில் இருக்கிறன். இவ்வளவு நேரமும் எல்லாரும் ஆம்பிளைகளைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கைவிட்ட புருஷனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொன்ற மீடியாவை ஒருவரும் தொடவில்லையே?

ஈடிபஸுக்குத் தெரியாது. ஒத்தெல்லோ ஏமாற்றப்பட்டவன். மீடியாவுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகளை உள்ளே அனுப்புகிறாள், திரும்பக் கூப்பிடுகிறாள், கையைப் பிடித்துப் பார்க்கிறாள், தோலின் மென்மையைச் சொல்கிறாள், முடியாது என்கிறாள், பிறகு முடியும் என்கிறாள். நான் செய்யப்போவது எவ்வளவு கொடுமை என்று எனக்கு விளங்குகிறது, ஆனால் என் ஆத்திரம் என் யோசனையைவிடப் பெலமானது என்று வாய்விட்டே சொல்கிறாள். இதைத் தவறு என்று எப்படிச் சொல்லுவீர்கள் பழுப்பேடு ஐயா? தெரிந்தே செய்கிறதுக்கு உங்கள் அரிஸ்டாட்டிலிடம் என்ன இடம்?

அவளை எழுதிய யூரிப்பிடிஸ் இதிலேயே நின்ற ஆள். மீடியா கி.மு. 431. மூன்றாம் பரிசு, அதாவது கடைசி. மூன்று வருஷம் கழித்து ஹிப்போலிட்டஸ், முதல் பரிசு. அதிலே, புருஷனின் மகன் ஹிப்போலிட்டஸ்மேல் ஆசைப்பட்டுவிட்ட ஃபீட்ரா சொல்கிறாள்: ராத்திரி நித்திரை வராமல் யோசித்திருக்கிறேன், மனிசர் வாழ்க்கை ஏன் பாழாகிறது என்று. நல்லது எது என்று எங்களுக்குத் தெரியும், செய்துமுடிக்கிறதில்லை. சிலர் சோம்பலால், சிலர் வேறு இன்பத்தை முன்னுக்கு வைக்கிறதால். எனக்கென்றால் மேடை நாடகத்தில் மனிசப் பலவீனத்தைப் பற்றி இதைவிட நேராகச் சொன்ன இடம் இல்லை.

பழுப்பேடு

தங்கச்சி, ஒப்புக்கொள்கிறேன், மீடியாவை அரிஸ்டாட்டிலால் விழுங்க முடியவில்லை. பதினான்காம் அத்தியாயத்தில் தெரிந்தே கொல்வதற்கு உதாரணமாக அவளைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அவருடைய அறவியல் நூலில், ஏழாம் பகுதியில்தான் தெரிந்தும் தடுக்க முடியாத பலவீனத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அந்தப் பேச்சை நாடகத்தோடு அவர் சேர்க்கவே இல்லை.

ஃபீட்ராவைப் பற்றி ஒன்று. அதே கதையை 1677-இல் ராசீன் பிரெஞ்சில் எழுதினார். முன்னுரையில், இவள் முழுக்கக் குற்றவாளியும் இல்லை, முழுக்க நிரபராதியும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஹிப்போலிட்டஸ் மேல் பொய்ப்பழி சொல்லும் வேலையைச் செவிலி தலையில் போட்டுவிட்டதை விளக்குகிறார். அவ்வளவு கீழ்த்தரமான காரியம் இளவரசிக்கு ஒவ்வாது, செவிலிக்குச் சரிப்படும் என்று நினைத்தாராம். யூரிப்பிடிஸ் நாடகத்தில் பழிக்கடிதம் எழுதுவது ஃபீட்ராவேதான். பலவீனம் யாருக்கு அழகு, யாருக்கு அசிங்கம் என்பதையெல்லாம் சாதி பார்த்துப் பங்கு போட்டிருக்கிறார்கள்!

ஒப்பனையறை

நான் படிப்பாளி இல்லை, நடிகன். அமெச்சூர் குழு. நடிக்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

‘ஆணவம்’ என்று நடிக்க முடியாது. சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யில் கிரியோன் வேஷம் எனக்கு: ஊரை எதிர்த்துச் செத்த பாலினைசிஸைப் புதைக்கக் கூடாது என்று ஆணையிட்டு, மீறிப் புதைத்த அவன் தங்கை ஆன்டிகனியைக் குகையில் அடைக்கும் புது ராஜா. ஆரம்பத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன், இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். உள்நாட்டுச் சண்டை முடிந்து ஒரே ஒரு நாள்தான் ஆகிறது, நாற்காலி இன்னும் சூடாகவில்லை, நீ பயந்துபோயிருக்கிற ஆள் என்றார். அதற்கப்புறம் வசனமெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. அந்தக் காவலாளி வந்து பிணத்தின்மேல் யாரோ மண் தூவிவிட்டார்கள் என்று உளறும்போது, எவன் காசு கொடுத்தான் என்று கிரியோன் குடைகிறான். ஆணவக்காரன் அப்படிக் கேட்பானா? பதவி ஆடிப்போயிருக்கிறவன் கேட்கிற கேள்வி அது.

முடிவுக்கு வருகிறேன். டைரீசியஸ் மிரட்டிவிட்டுப் போனதும் கிரியோன் மனசு மாறிவிடுகிறான். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், கடைசிவரை பிடிவாதமாக இருந்தான் என்றே நினைக்கிறார்கள். என்ன செய்யட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கிறான். அவர்கள் வரிசையாகச் சொல்கிறார்கள்: முதலில் போய்க் குகையிலிருந்து பெண்ணை விடுவி, அப்புறம் கிடக்கிறவனுக்குக் கல்லறை கட்டு. சரி என்று கிளம்புகிறான். தூதுவன் வந்து நடந்ததைச் சொல்லும்போது வரிசை தலைகீழ். முதலில் பாலினைசிஸின் உடம்பு. நாய் குதறியதில் மிஞ்சியதைக் கழுவி, புதுக் கிளைகள் ஒடித்து எரித்து, சொந்த மண்ணால் உயரமாக மேடு எழுப்பி, எல்லாம் நிதானமாக. அதற்கப்புறம்தான் குகை. போய்ச் சேரும்போது அவள் தூக்கில் தொங்குகிறாள். அவளை மணக்கவிருந்த மகன் ஹீமன் அப்பன் முகத்தில் துப்பிவிட்டு வாளை உருவுகிறான், குறி தப்பியதும் தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான்.

ஏன் பிணத்துக்கு முதலில் போனான்? ஒத்திகையில் நாங்கள் ராத்திரி பூராவும் இதைத்தான் பேசினோம். பிணம் அழுகி பலிபீடமெல்லாம் தீட்டாகிவிட்டது என்று டைரீசியஸ் சொன்னது ஊர்ப் பிரச்சினை. குகையில் இருப்பது ஒரே ஒரு பெண். ராஜாவாக யோசித்தால் ஊர்ப் பிரச்சினை முதலில். மனசு மாறிய பிறகும் அவன் ராஜாவாகவே யோசித்தான் என்பது என் கணிப்பு.

குறுக்குக்கேள்வி

இது எனக்குப் புதுசு. கையேட்டில் ‘கிரியோன் – பிடிவாதம்’ என்றுதான் இருக்கிறது.

மேடைக்கிறுக்கன்

ஒப்பனை, அருமை. மக்பெத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ராஜா டங்கனைக் கொல்வதற்கு முன் தனியாக நின்று அவன் பேசுவது கிட்டத்தட்ட ஒரு வக்கீலின் வாதம். நான் அவர் சொந்தக்காரன், அவர் குடிமகன், அதோடு இன்று வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காகக் கொலைகாரனுக்குக் கதவைச் சாத்திக் காவல் நிற்க வேண்டியவன், நானே கத்தியை எடுப்பதா? ராஜா நல்லவர் வேறு. எதிர்த்தரப்பில் தூக்கிக் காட்ட ஆசை ஒன்றைத் தவிர வேறு காரணமே இல்லை என்று தானே சொல்லிவிட்டு, இதோடு நிறுத்துவோம் என்று மனைவியிடமும் சொல்கிறான். வழக்கு தள்ளுபடி. அப்புறம் அவனைக் கவிழ்த்தது பேராசையா? ‘நீ ஆம்பளையா’ என்று அவள் கேட்ட கேள்வி. போர்க்களத்தில் எதிரியைத் தொப்புளிலிருந்து தாடைவரை கிழித்துவிட்டு வந்தவனுக்கு, வீட்டுக்குள் கோழை என்று கேட்டதும் பொறுக்கவில்லை.

ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட் வரலாற்றில் டங்கன் சோப்ளாங்கி ராஜா, சக தளபதி பாங்க்வோ கொலையில் கூட்டாளி, மக்பெத் பத்து வருஷம் ஒழுங்காகவே ஆண்டவன். அந்தச் சாக்குகளையெல்லாம் ஷேக்ஸ்பியர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார். தெரிந்தே செய்கிறான் என்பதைத் தவிர மக்பெத் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வன்னிமகள் சொன்ன மீடியா வரிசையில் இவனையும் உட்காரவைக்கலாம்.

செவ்வட்டை

தோழர்களே, ஆளின் குறையா வேளையின் குறையா என்றே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சமூகம் எங்கே?

வெனிஸுக்கு ஒத்தெல்லோவின் வாள் வேண்டும். அவன் மருமகனாக வேண்டாம். விருந்துக்குக் கூப்பிட்டு அவன் கதையைக் கேட்டு ரசித்த அதே மாமனார், பெண்ணைக் கட்டியதும் சூனியம் வைத்தான் என்று வழக்குப் போடுகிறார். ‘நான் கறுப்பன், நாசூக்காகப் பேசத் தெரியாது, வயசும் இறங்குமுகம்’ என்று அவனே தனியாகப் புலம்பும் இடம் இருக்கிறது. அந்தப் புண் அவனோடு பிறந்ததா? ஊர் போட்டது. இயாகோ அதில் விரலை வைத்து அழுத்தினான், அவ்வளவுதான். பொறாமை என்று எழுதிவிட்டால் வெனிஸ் கை கழுவிக்கொள்ளலாம்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டுக்கு இது நன்றாகத் தெரியும். ‘தைரியத்தாய்’ 1941-இல் ஜூரிக்கில் அரங்கேறியபோது ஐயோ பாவம் இந்தத் தாய் என்று பார்வையாளர்கள் உருகிவிட்டார்கள். அவருக்கு எரிச்சல். போரில் வியாபாரம் செய்து பிள்ளைகளைப் பறிகொடுத்தவளைப் பார்த்து யோசியுங்கள் என்றால் அழுகிறீர்களே என்று, 1949 பெர்லின் மேடையேற்றத்துக்கு முன் சில இடங்களை மாற்றி அவளை இன்னும் கறாராக்கினார். பார்வையாளர்கள் அப்போதும் அழுதார்கள் என்பது வேறு கதை. அதே 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்தர் மில்லரின் ‘விற்பனையாளனின் மரணம்’. கடனும் தவணையுமாய் வாழும் ஒரு சேல்ஸ்மேன். ராஜாவுக்குத்தான் சோக நாடகம் என்ற விதியையே மில்லர் ஒரு கட்டுரையில் உடைத்தார். தன் கௌரவத்துக்கு வந்த சவாலைப் பார்த்துச் சும்மா உட்கார முடியாமை, அதுதான் குறை என்றால் அது எல்லாருக்கும் வரும் என்றார்.

பழுப்பேடு

செவ்வட்டை, வெனிஸ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அத்தனையையும் சமூகத்தின் தலையில் கட்டினால் நாயகனுக்கு மேடையில் வேலை இல்லாமல் போய்விடும். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய நாடகத்தையே எடுக்கிறேன், ஷேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’. தானியம் பதுக்கப்பட்டு மக்கள் தடியும் கழியுமாகத் தெருவில் இறங்குவதில்தான் அது தொடங்குகிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 1607-இல் வேலி பிடுங்கிக் கலகம் செய்தார்கள், நாடகம் அடுத்த வருஷ வாக்கில். பிரெக்ட் கூட இதைத் தழுவி எழுத உட்கார்ந்து முடிக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அட்டவணையில் ரோமானியத் தளபதி கொரியோலேனஸுக்கு என்ன? ஆணவம். சரி, ஆணவத்தால் ரோமை விட்டுத் துரத்தப்படுகிறான். எதிரியோடு சேர்ந்து ரோமைக் கொளுத்த வருகிறான். அம்மா வொலும்னியா வந்து மண்டியிட்டுப் பேசுகிறாள், நீளமாக. அவன் வாயைத் திறக்கவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில் அந்த இடத்தில் ஒரு மேடைக்குறிப்பு அச்சாகியிருக்கிறது: அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறான். ஷேக்ஸ்பியர் நடிகனுக்கு இப்படி மௌனத்தை எழுதிக்கொடுத்தது ரொம்ப அபூர்வம். பிறகு சொல்கிறான், அம்மா, என்ன காரியம் செய்துவிட்டாய், ரோமுக்கு வெற்றி, உன் மகனுக்கு அனேகமாகச் சாவு. படையைத் திருப்புகிறான். எதிரிகள் அவனைக் கொல்கிறார்கள்.

அதாவது, வாழ்நாளில் முதல்முறையாக ஆணவத்தை இறக்கி வைத்த நிமிஷம்தான் அவன் உயிரை எடுத்தது. சமூகம் அவனை அந்த இடம்வரை கொண்டுவந்து நிறுத்தியது, வாஸ்தவம். கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்.

செவ்வட்டை

அந்த அம்மா யார் தோழர்? பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பித் தழும்பை எண்ணிப் பெருமைப்பட்டவள். ரோம் என்ற சமூகமே சேலை கட்டிக்கொண்டு வந்து நின்ற மாதிரி. நான் என் பேச்சை மாற்றிக்கொள்வதாக இல்லை. :)

சினிமாப்பித்தன்

‘ரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் ஒத்தெல்லோ நாடகம் போடுவார்களே, அதை யாரும் சொல்லவில்லை? ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் ஹாம்லெட்டும் உண்டு. சிவாஜியை விட்டால் ஹாம்லெட் போட ஆள் இல்லை.

மட்டுறுத்துநர்

நடிப்பு ஒப்பீட்டுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போங்கள். இங்கே இனி சிவாஜி, எம்.ஆர்.ராதா பதிவுகள் நீக்கப்படும். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் மக்பெத்தை ‘மகபதி’ என்றும் தழுவியது பற்றிக் கேட்டுத் தனிமடல் அனுப்பியவருக்கு: தாராளமாகப் புது இழை தொடங்கலாம்.

நளினி_நெட்தேர்வு

நான் ஒத்தெல்லோவை மறுபடி எடுத்துப் படித்தேன். எனக்கு இப்போது நாயகன் விஷயமே பெரிசாகத் தோன்றவில்லை. இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியாதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறாள்.

கீழே விழுந்த கைக்குட்டையை எடுப்பது அவள்தான். புருஷன் இதைத் திருடித் தா என்று நூறு தடவை நச்சரித்திருக்கிறான். பூவேலையைப் பிரதி எடுத்துவிட்டு அவனிடம் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைக்கிறாள். எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும், அவன் ஆசையைத் தீர்க்கணும், அவ்வளவுதான் என்கிறாள். அவன் வந்து பிடுங்கிக்கொள்கிறான். சரி, இதுவரை போகட்டும்.

அடுத்த காட்சிதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கைக்குட்டையை எங்கே தொலைத்திருப்பேன் எமிலியா என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். தெரியாதம்மா என்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஒத்தெல்லோ வருகிறான். கைக்குட்டையைக் கொண்டு வா, கைக்குட்டை, கைக்குட்டை என்று கத்துகிறான். எமிலியா அதே மேடையில்தான் நிற்கிறாள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் போனபின் ‘இவருக்குப் பொறாமை இல்லையா?’ என்று டெஸ்டிமோனாவிடமே கேட்கிறாள். அட்டவணைக்கு விடை சொல்கிறவளும் அவள்தான், அட்டவணையில் இடம் இல்லாதவளும் அவள்தான். இவளுடைய ஹமார்டியா என்ன என்று யாரும் கேள்வி எடுத்ததே இல்லை.

வன்னிமகள்

பயம், நளினி. அவள் புருஷன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். பெண்சாதியை எல்லார் முன்னாலும் மட்டம்தட்டிக் கதைக்கிறவன். எடுத்ததைச் சொன்னால் திருடி என்ற பேர், புருஷனுக்குக் கொடுத்தேன் என்றால் வீட்டில் அடி. பெரிய ஆபத்து என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவும் இல்லை. ஒரு துணித்துண்டு.

ஒப்பனையறை

நடிக்கிறவர்களுக்கு அந்த இடம் பெரிய தலைவலி. வசனமே இல்லாமல் நிற்கணும். முகத்தில் குற்ற உணர்ச்சியைக் காட்டினால் பார்வையாளர்களுக்கு அவள் மேல் கோபம் வந்து கடைசி அங்கம் கெட்டுவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால் மரக்கட்டை என்பார்கள். எங்கள் குழுவில் எமிலியா போட்ட அக்கா ஒரு உபாயம் செய்தார். கத்தல் தொடங்கியதும் டெஸ்டிமோனாவின் மேலங்கியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவார். குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டே இருப்பார். அது போதுமானதாக இருந்தது.

பழுப்பேடு

தாமஸ் ரைமர் என்று ஒரு விமர்சகர் 1693-இல் இந்த நாடகத்தைக் கிழி கிழி என்று கிழித்தார். ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு ரகளையா, இதற்குக் ‘கைக்குட்டையின் சோகம்’ என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று கேலி. துப்பறிகிறவர் மாதிரிப் படித்த அவரும் கைக்குட்டையைத்தான் பார்த்தார், அதை வைத்துக்கொண்டு வாய்மூடி நின்றவளைப் பார்க்கவில்லை.

நளினி, கடைசி அங்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். மொத்த நாடகத்திலும் தன் தவறைத் தானே பகிரங்கமாகச் சொல்லி உண்மையை உடைப்பவள் அவள் ஒருத்திதான். புருஷன் வாளை உருவிக்கொண்டு நிற்கிறான், வீட்டுக்குப் போ என்கிறான். அவருக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது முடியாது என்கிறாள். ஒத்தெல்லோவைப் பார்த்து, மடையா, நீ சொல்லும் கைக்குட்டையைத் தற்செயலாக எடுத்து என் புருஷனிடம் கொடுத்தது நான் என்கிறாள். இயாகோ அவளைக் குத்திவிட்டு ஓடுகிறான். ஒத்தெல்லோ சாகும்போது தன்னைப் பற்றி அழகாக ஒரு நீண்ட உரை நிகழ்த்துகிறான், அறிவோடு காதலிக்கத் தெரியாமல் அளவுக்கு மீறிக் காதலித்தவன் என்று எழுதுங்கள் என்று பாடம் எடுக்கிறான். இவள் கேட்டது தன்னை எஜமானிக்குப் பக்கத்தில் கிடத்துங்கள் என்பது மட்டும்.

நளினி_நெட்தேர்வு

படித்தேன் ஐயா. அதனால்தான் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மூன்றாம் அங்கத்தில் சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பாள், அல்லது ரெண்டு அறை. ஐந்தாம் அங்கத்தில் சொன்னதற்கு உயிர் போனது. இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்.